நாலாவது மாத்திரை

உள்ளறையில் எதுவோ தரையில் விழுந்து உருண்டது. அதைத் தொடர்ந்து, உள்ளங்கையால் தரையைத் தட்டித் தட்டித் தேடும் சத்தம். தப்... தப்... தப்.

மடியில் படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஜஸீமா பதறி எழுந்தாள். பூவம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

“நீ உக்காரும்மா. சொட்டு மருந்து பாட்லு. கட்லுக்கு அடியில போயிருக்கும். நான் போய் எடுத்துக் குடுத்தேன்னு வெச்சிக்க, ‘நான் இன்னா குருடியா’ன்னு கத்துவா. அவளே எடுக்கட்டும்.”

சொன்னாளே தவிர, அவள் உயிர் முழுவதும் காதுக்கு வந்துவிட்டது. தப்... தப்... பிறகு ஒரு நிசப்தம். பிறகு பாட்டிலின் மூடியைத் திருகும் மெல்லிய சத்தம். அதைக் கேட்ட பிறகுதான் பூவம்மா மூச்சையே விட்டாள். மூன்று வாரமாக அவள் இப்படித்தான் மூச்சு விடுகிறாள், மகளின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு.

எர்ணாவூர் வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. ஒரு கூடம், ஓர் அறை, திரும்பினால் தோளை இடிக்கும் சமையல்கட்டு. அந்த வீட்டுக்கு ஓட்டு கேட்க வந்தவர்களைத் தவிர, பேனாவும் காகிதமுமாக யாரும் வந்ததில்லை. இன்று வந்திருக்கும் ஜஸீமா பெரியாஸ்பத்திரிப் பெண். எந்த மருந்து யாரை என்ன செய்தது என்று விசாரித்து எழுதி மேலே அனுப்பும் மையத்தில் வேலை. வண்ணாரப்பேட்டைக்காரி, இருபத்தாறு வயதிருக்கும். மூன்று முறை போன் செய்தும் பூவம்மாவிடம் பதில் தேறவில்லை என்று, உச்சி வெயிலில் பஸ் ஏறி அவளே வந்துவிட்டாள்.

“அம்மா, திரும்பவும் மொதல்லருந்து வரேன். உங்க பொண்ணு ரமாபாய் என்ன மாத்திரை சாப்பிட்டாங்க?”

“செட்டு.”

“செட்டு எனக்கும் தெரியும்மா. எங்க அத்தா காலம் பூரா லோடு எறக்கிட்டு வந்து செட்டு வாங்கித்தான் போட்டாரு. அந்த செட்டுல இருந்த மாத்திரைங்க பேரு என்ன?”

பூவம்மா தலை குனிந்தாள். அந்தக் கேள்வியை உலகத்தில் வேறு யாரிடம் கேட்டிருந்தாலும் பரவாயில்லை. அந்த செட்டைக் கட்டிக் கொடுத்ததே அவள் கைதானே!

புளியந்தோப்பில் பிறந்து எட்டாவது வரை படித்து, மண்ணாங்கட்டி என்ற லாரி கிளீனருக்கு வாழ்க்கைப்பட்டு, எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கண்டெய்னர் லாரிக்கு அவனைப் பறிகொடுத்தபோது அவளுக்கு வயது இருபத்தெட்டு. மகளுக்கு நாலு. திருவொற்றியூர் தேரடிப் பக்கம் மருந்துக்கடை வைத்திருந்த ஜெயவேல், கடையைப் பெருக்கித் துடைக்க அவளைச் சேர்த்துக்கொண்டார். பெருக்க வந்தவள் ஒரே வருஷத்தில் கவுன்ட்டருக்கு உள்ளே வந்துவிட்டாள். கண்ணாடி போட்டு மாட்டியிருந்த சான்றிதழுக்கு உரிய ஃபார்மசிஸ்டை இந்தப் பதினெட்டு வருஷத்தில் அவள் இரண்டே முறைதான் பார்த்திருக்கிறாள். கடை நடந்தது பூவம்மாவின் விரல்களில்.

துறைமுகத்தில் மூட்டை சுமப்பவன், மீன் கூடை தூக்குபவள், அனல்மின் நிலையத்துக்கு ஒப்பந்தக் கூலியாகப் போகிறவன் எல்லாரும் டாக்டரிடம் போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்று அவளிடம்தான் வருவார்கள். “ஒடம்பு வலி, ஒரு செட்டு குடு பூவு” என்றால் போதும். ஆயிரம் மாத்திரை உதிரியாக வரும் பிளாஸ்டிக் டப்பாக்களைத் திறந்து, சின்ன வெள்ளை ஒன்று, கோடு போட்ட வெள்ளை ஒன்று, ரோஸ் ஒன்று, கிழித்த தினசரி காலண்டர் தாளில் வைத்து ஒரே மடிப்பில் மடித்துக் கொடுத்துவிடுவாள். டப்பாவின் மேல் பெயர் எறும்பு ஊர்ந்த மாதிரி இங்கிலீஷில் இருக்கும். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் நிறமும் அளவும்தான். “எங்க பூவம்மா டாக்டருக்கு ஊசி ஒண்ணுதான் கொறச்சல்” என்று லோடுமேன்கள் கிண்டல் செய்வார்கள். அவளும் வெட்கப்பட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் ஒரு பெருமை இருந்தது. அதை இன்று நினைத்தால் அவள் நெஞ்சு பற்றி எரிகிறது.

இரண்டு மாதத்துக்கு முன் ரமாவுக்குக் காய்ச்சல். துணிக் கம்பெனியில் தையல் வேலைக்குப் போகும் பெண், ஒரு வாரம் லீவு போட முடியாது. பெற்றவள் தன் கையாலேயே ஐந்து நாளைக்கு செட்டு மடித்துக்கொண்டு வந்தாள். காய்ச்சல் விட்டது. பெண் வேலைக்கும் போனாள். பத்தாவது நாள் கண் சிவந்தது. பதினோராவது நாள் உதடு வெந்தது. பன்னிரண்டாவது நாள், குளிப்பாட்டலாம் என்று முதுகில் கை வைத்த பூவம்மாவின் உள்ளங்கையோடு தோல் கழன்று வந்தது.

இருபத்தாறு நாள் தீக்காய வார்டில் கிடந்தாள் ரமா. ஒரு பொறி நெருப்பு பட்டதில்லை, ஆனாலும் அவள் வெந்துதான் போயிருந்தாள். சாப்பிட்ட ஏதோ மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் வந்தது என்றார்கள் டாக்டர்கள். உயிர் திரும்பியது, தோல் திரும்பியது. கண் மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. வெளிச்சம் தெரிகிறது, ஆள் அசைவது தெரிகிறது. ஊசியில் நூல் கோர்த்த பெண்ணுக்கு இப்போது ஊசியே தெரியவில்லை. மணிக்கொரு முறை சொட்டு விடாவிட்டால் கண்ணுக்குள் மணலைக் கொட்டியது போல எரிகிறது.

ஜஸீமா பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்துப் பாயில் வைத்தாள். ரமாபாயின் பெயர், வயது, விலாசம் எல்லாம் எழுதியாகிவிட்டது. ‘தவிர்க்க வேண்டிய மருந்து’ என்ற இடத்தில் மட்டும் ஒரு வெற்றுக் கோடு.

“இந்த ஒத்த வரிக்காகத்தாம்மா வந்தேன். இனிமே அவங்க எங்க போனாலும், எந்த டாக்டர்கிட்ட காட்டினாலும், இந்தக் கார்ட மொதல்ல நீட்டணும். அந்த மருந்து இன்னொரு தடவை உள்ள போச்சுன்னா...” அவள் உள்ளறையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “இந்த தடவை கண்ணோட போச்சும்மா.”

“எனுக்குப் புரியுது.” பூவம்மா அட்டையைத் தொட்டுப் பார்த்தாள். “அந்தப் பேர எழுதிட்டா, என் பொண்ணு பொழச்சிக்குவா. அதான?”

“அதேதான். அதோட, இதே மாத்திரை வேற யாரையாவது இப்படிப் பண்ணியிருந்தா, ரெண்டையும் சேத்துப் பாப்பாங்க. அதுக்கும் பேரு வேணும். எந்தக் கம்பெனி செஞ்சது, எந்த பேட்ச், எல்லாம் வேணும். செட்டு மடிச்ச பேப்பர் எதுனா இருக்கா?”

பூவம்மா எழுந்து, அலமாரியில் அம்பேத்கர் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு தாளை எடுத்து வந்து கொடுத்தாள். ஏதோ பொக்கிஷம் போல அதைப் பத்திரப்படுத்தியிருந்தாள் பாவம்! ஜஸீமா பிரித்துப் பார்த்தாள். போன வருஷத்துக் காலண்டர் தாள். புதன்கிழமை. நல்ல நேரம் ஒன்பதே காலிலிருந்து பத்தே கால் வரை. மருந்தைப் பற்றி அதில் ஓர் எழுத்தும் இல்லை.

அவள் அதை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“கடைல டப்பா இருக்குமே?”

“அதெல்லாம் அவரு அன்னைக்கே தூக்கிட்டாரு.”

“யாரு? கடை ஓனரா? அவருக்கு பில்லு இருக்கும்ல? ஒரு போன் போட்டுக் கேளுங்க. இது போலீஸ் பேப்பர் இல்லம்மா. இதுல யார் மேலயும் கேஸ் வராது. மாத்திரை மேலதான் கேள்வி.”

பூவம்மா தயங்கினாள். ஜெயவேலிடம் அவளுக்கு இருந்த பயம் சும்மா வந்ததில்லை. ரமாவுக்கான சொட்டு மருந்து வாராவாரம் அவர் கடையிலிருந்துதான் வருகிறது. “எடுத்துனு போ பூவு, நான் இன்னா கல்லு மனசுக்காரனா” என்று சொல்லித்தான் கொடுப்பார். கூடவே இன்னொன்றும் சொல்வார்: “எவன் வந்து கேட்டாலும் நீதான் மடிச்சேன்னு நெனப்புல வெச்சிக்க.” ஒரு கையால் மருந்தும் மறு கையால் மிரட்டலும்! அவள் அந்த மருந்தை வேண்டாம் என்று எப்படிச் சொல்வாள்? ஒரு மணி நேரம் தவறினால் உள்ளே ஒரு பெண் துடிக்கிறாளே!

ஆனால் பாயின் மேல் அந்த வெற்றுக் கோடு கிடந்தது. பூவம்மா போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“அண்ணே, பூவு பேசறேன்.”

“சொல்லு. சொட்டு மருந்து தீந்துச்சா?”

“அதில்ல. நம்ம செட்டு மாத்திரைங்க பேரு இன்னாண்ணே? டப்பால இன்னா போட்டிருந்துச்சு?”

அந்தப் பக்கம் ஜெயவேலின் குரல் தாழ்ந்தது.

“இன்னாத்துக்கு இப்ப? யாராச்சும் வூட்டாண்ட வந்துகினு கீறாங்களா?”

“யாரும் இல்லண்ணே. சும்மாத்தான். டாக்டருகிட்ட சொல்லணும்.”

“பூவு, நான் பொய் சொல்லல. என் புள்ளைங்க மேல ஆணையா எனுக்குத் தெரியாது. மொத்த யாவாரி எது சல்லிசுன்னு குடுக்கறானோ அத்த வாங்கறேன். அந்த மாசம் மட்டும் மூணு கம்பெனி மாறிச்சு. பில்லுல ‘மாத்திரை அசார்ட்டட்’னு, பல வக சேந்ததுன்னு, ஒரே வரிதான் போட்டுக் குடுப்பான். இதுல நான் எந்தப் பேருன்னு சொல்றது?”

“கொஞ்சம் யோசிச்சுப் பாருண்ணே. உன் கால்ல வுழறேன்.”

“பேஜாரு பண்ணாத பூவு. போன வெய்யி.”

போன் அடங்கியது. குற்றம் செய்தவனுக்காவது உண்மை தெரிந்திருந்தால், அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியாவது வாங்கிவிடலாம். அவனுக்கும் தெரியாது என்றால் யாரைப் போய் உலுக்குவது?

பூவம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். காலண்டர் தாளில் மடித்த ஒரு பொட்டலம். பிரித்ததும் நான்கு மாத்திரைகள் ஜஸீமாவின் முன் உருண்டன. சின்ன வெள்ளை, கோடு போட்டது, ரோஸ், மஞ்சள்.

“அவரு டப்பாவத் தூக்கறதுக்கு முன்ன ஒரு கை அள்ளி வெச்சிக்கினேன். இதுங்கதான். நீ படிச்ச பொண்ணு. பாத்து சொல்லும்மா.”

ஜஸீமா ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். எழுத்தில்லை, எண்ணில்லை. கடற்கரையில் பொறுக்கிய கூழாங்கற்கள் போல வழவழவென்று இருந்தன.

“பார்த்தா தெரியாதும்மா. எதுலயும் அடையாளமே இல்ல.”

“அப்ப பரிசோதன பண்ணு! எத்தினியோ மிசினு கீதுன்றாங்களே!”

“நான் எழுதிப் போட்டு, அவங்க வாங்கி, லேபுக்கு அனுப்பி... எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாதும்மா. வந்தாலும், மாத்திரைக்குள்ள என்ன இருக்குன்னுதான் தெரியும். நாலுல எது பொண்ணுக்கு ஆவலன்னு மிஷின் சொல்லாது. அவங்க நாலையும் சேர்த்துத்தானே சாப்பிட்டாங்க?”

அப்போது உள்ளறையிலிருந்து குரல் வந்தது. வறண்டுபோன, மெல்லிய குரல்.

“அக்கா, எங்கம்மா அந்த மாத்திரைய துன்னு பாத்துச்சு.”

“ரமா, நீ கம்முனு இரு!”

“நான் எதுக்கு கம்முனு இருக்கணும்? அக்கா, நாலு நாளு. தினம் ஒண்ணு. கொடத்துல தண்ணி மொள்ளும், முழுங்கும், அப்புறம் செவுத்துல சாஞ்சினு உக்காந்துக்கும். கண்ணுதான எனுக்கு மங்கலு? காது நல்லாத்தான் கீது.”

ஜஸீமா திகைத்துப் போய்ப் பூவம்மாவைப் பார்த்தாள். பூவம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“எதுனா ஒண்ணு என்னியும் எரிச்சுதுன்னா, அதான்னு கண்டுபுடிச்சிடலாம்னு பாத்தேம்மா. ஒண்ணுமே ஆவல. ஒரு அரிப்பு கூட வரல. கல்லாட்டம் கீறேன்.”

“அம்மா...” ஜஸீமா அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். “அது உங்க ஒடம்பும்மா. அவங்க ஒடம்பு வேற. நீங்க நாப்பது மாத்திரை முழுங்கினாலும் அவங்களுக்கு எது ஆவாதுன்னு உங்க ஒடம்பு சொல்லாது.”

“நான் பெத்த ஒடம்புதான அது?”

அந்தக் கேள்விக்கு எந்தப் படிவத்தில் இடம் இருக்கிறது? ஜஸீமா பேனாவை மூடினாள், மறுபடி திறந்தாள்.

“சரி. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இதே செட்டு அந்த வாரம் வேற எத்தனையோ பேரு வாங்கியிருப்பாங்க. அவங்க யாருக்கும் இப்படி ஆச்சா?”

“இல்ல.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெனம் கடைக்கு வர சனம்தான? எல்லாம் நல்லாத்தான் கீது. ஒரு எறும்பு கூட கடிக்கல அதுங்கள.” பூவம்மா நிறுத்தினாள். இரண்டு மாதமாக ஆஸ்பத்திரி வராந்தாவிலும், பஸ்ஸிலும், அடுப்படியிலும் தொண்டை வரை வந்து வந்து அவள் விழுங்கியது, இப்போது அவளையும் மீறி வெளியே வந்தது. “அதுங்களுக்கெல்லாம் மூணும்மா. மூணுதான் செட்டு.”

ஜஸீமாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு, பாயில் கிடந்த நான்கு மாத்திரைகளைப் பார்த்தாள்.

“இந்த மஞ்சா... கவுன்ட்டருக்கு அடியில தனியா இருக்கும். வுடாத ஜொரத்துக்கு, தெரிஞ்ச ஆளுக்கு மட்டும் போடறது. என் பொண்ணாச்சே, சீக்கிரம் எழுந்து வேலைக்குப் போவட்டுமேன்னு, அவளுக்கு மட்டும் நாலாவதா ஒண்ணு வெச்சேன். அஞ்சு நாளும் வெச்சேன். ஊருக்கெல்லாம் மூணு, என் பொண்ணுக்கு நாலு! பாசம்மா, பாசம்! அந்தக் கொள்ளைல போற பாசம்!”

படார் படாரென்று தலையில் அடித்துக்கொண்டாள். ஜஸீமா அந்தக் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள். மாத்திரை மடித்து மடித்துக் காய்ப்பேறிய விரல்கள்.

“எழுது. மஞ்சான்னு எழுது. நான்தான் குடுத்தேன்னு எழுது. அப்பவாவது பேரு கெடைக்குமா?”

“மஞ்சன்னு எழுதறேம்மா. ஆனா மஞ்சதான் காரணம்னு எழுத முடியாது. மத்த மூணுல ஒண்ணா கூட இருக்கலாம். அடுத்தவங்களுக்கு ஒத்துக்கறது இவங்களுக்கு ஒத்துக்காம போவும். உங்க மேல தப்புன்னும் என்னால சொல்ல முடியல, தப்பு இல்லன்னும் சொல்ல முடியல.”

கொலைக் கேஸ் கைதிக்குக்கூட ஒரு நாள் தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். இந்தத் தாய்க்கு அது கூட இல்லை. நான்தானா, நான் இல்லையா என்று சாகும் வரை அவள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது. சுவரைத் தடவிக்கொண்டு ரமா வந்து நிலைப்படியில் நின்றாள். கறுப்புக் கண்ணாடி, கழுத்தெல்லாம் திட்டுத் திட்டாக நிறம் மாறிய தோல். எங்கே இருக்கிறாள் தாய் என்று குரல் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பினாள்.

“எனுக்கு அப்பவே தெரியும்மா.”

“இன்னா தெரியும்?”

“நாலு இருந்துச்சுன்னு. நான் கடைல நின்னு எத்தினி தபா பாத்துக்கீறேன், நீ மூணு மூணா மடிக்கறத. எனுக்கு மட்டும் நாலு வந்துச்சு. எண்ணித்தான முழுங்கினேன்.” ஒரு விநாடி நின்று சொன்னாள்: “எங்கம்மா எனுக்கு ஒண்ணு சாஸ்தியா வெச்சிருக்குன்னு சந்தோசமா இருந்துச்சு.”

பூவம்மா ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொள்ளவில்லை. அதற்கான தைரியம் அவளுக்கு இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். முதுகு மட்டும் குலுங்கியது. ரமா தடவித் தடவி வந்து, அவள் பக்கத்தில் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே கண்டெய்னர் லாரிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன.

ஜஸீமா எழுதினாள். ‘பெயர் தெரியாத உதிரி மாத்திரைகள், நான்கு வகை. பேட்ச் எண் தெரியாது. தயாரித்த நிறுவனம் தெரியாது.’ அந்தத் ‘தெரியாது’களை எழுதும்போது அவள் கையே கூசியது. மாத்திரைகளை ஒரு கவரில் போட்டு ஒட்டினாள். பிறகு அட்டையை எடுத்து, அந்த வெற்றுக் கோட்டின் மேல் பேனாவை வைத்து வெகுநேரம் யோசித்தாள்.

“இன்னா எழுதற?” பூவம்மா தலை நிமிர்ந்தாள்.

“‘காரணம் உறுதியாகவில்லை. எந்த மாத்திரையும் பெரிய ஆஸ்பத்திரியில் கேட்காமல் தரக் கூடாது.’”

“எந்த மாத்திரையுமா? ஜொரம் வந்தா?”

“நேரா எங்ககிட்ட கூட்டிட்டு வந்துடுங்க.”

“தல வலின்னா?”

“கூட்டிட்டு வாங்கம்மா.”

“பல்லு வலின்னா?”

ஜஸீமா எழுதி முடித்து அட்டையை அவள் கையில் வைத்தாள். பதினெட்டு வருஷம் ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுத்தவளின் வீட்டில், இனி ஒரு மாத்திரைக்கு இடமில்லை.

“இந்தப் பேப்பரு எங்க போவும்?”

“எங்க மையத்துலருந்து டெல்லிப் பக்கம் போவும். நாடு பூரா வர்ற பேப்பரோட சேரும். இதே மாதிரி நெறைய வந்துச்சுன்னா...”

“நெறைய பொண்ணுங்களுக்கு ஆவணும்னு சொல்ற.”

ஜஸீமாவின் கண் கலங்கிவிட்டது. பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். மாத்திரைக் கவரைப் பைக்குள் பத்திரமாக வைத்தாள்.

“கடை பேரு எழுதற எடம் ஒண்ணு காலியா இருக்கும்மா. கட்டாயம் இல்ல. விருப்பம் இருந்தா சொல்லுங்க.”

பூவம்மா மகளின் மடியிலிருந்த சொட்டு மருந்து பாட்டிலைப் பார்த்தாள். கால்வாசிதான் இருந்தது. வியாழக்கிழமைக்குள் தீர்ந்துவிடும். அதற்கு மேல் ஜெயவேல்தான் தர வேண்டும்.

“காலியாவே இருக்கட்டும்,” என்றாள், ஜஸீமாவின் முகத்தைப் பார்க்காமல்.

ஜஸீமா தலையசைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்கத் திரும்பியவள், நின்றாள்.

“அம்மா, நாளைக்கு நீங்க கடைக்குப் போவீங்களா?”

“போவாம?”

“செட்டு மடிப்பீங்களா?”

பூவம்மா கதவின் மேல் கை வைத்து நின்றாள். உப்புக் காற்றில் உப்பிப்போன கதவு, லேசில் சாத்தாது. மேலே தூக்கிப் பிடித்து அழுத்த வேண்டும்.

“மூணுதாம்மா,” என்றாள். “இனிமே யாருக்கும் மூணுதான்.”

மூன்று மாடியும் இறங்கும் வரை கேட்டுக்கொண்டிருந்த ஜஸீமாவின் காலடிச் சத்தம் தேய்ந்து அடங்கியது. பூவம்மா கதவைத் தூக்கி, இரண்டு கையாலும் அழுத்தி, சாத்தினாள்.